காலை எட்டு மணியின் விலை

2023 நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சிட்னியின் உள்மேற்குப் பகுதியில் ரோசெல் இன்டர்சேஞ்ச் திறக்கப்பட்டது. மண்ணுக்கடியில் சுரங்கங்கள் அடுக்கடுக்காகப் பின்னிக்கொள்ளும் அந்தச் சந்திப்புக்கு ஆன செலவு ஏறத்தாழ 390 கோடி டாலர். மறுநாள் காலை விக்டோரியா சாலையிலும் சிட்டி வெஸ்ட் லிங்க் சாலையிலும் வண்டிகள் நகராமல் நின்றன. பால்மெயின் பகுதியில் வீட்டுத் தெருவிலிருந்து பெருஞ்சாலையைத் தொடுவதற்கே மக்கள் நெடுநேரம் காத்திருந்தார்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க வல்லுநர் யாரும் தேவைப்படவில்லை. புதிய வழிகளும் பழைய வழிகளும் கொண்டுவந்து கொட்டிய தடங்கள் எல்லாம் கடைசியில் ஆன்சாக் பாலத்தின் நகரம் நோக்கிய நான்கு தடங்களுக்குள் புகவேண்டியிருந்தது. பாலம் இருந்தபடியே இருந்தது. அதற்குள் வந்து விழும் வழிகள்தான் பெருத்திருந்தன. மாநில நாடாளுமன்றத்தின் மேலவைக் குழு ஒன்று இதைத் தனியாக விசாரிக்கும் அளவுக்கு மக்களின் கோபம் போனது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது கேட்கத் தவறிய கேள்வி ஒன்று உண்டு. அதே பாலம் காலை பதினொரு மணிக்கும் அதே நான்கு தடங்களோடுதான் இருக்கிறது. அப்போது மட்டும் எப்படிப் போதுகிறது?

நெரிசல் என்றால் சாலைப் பற்றாக்குறை என்றே நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். சென்னையில் மேம்பாலம் கேட்பவரும் சிட்னியில் சுரங்கம் கேட்பவரும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள்: வண்டி கூடிவிட்டது, சாலையும் கூடவேண்டும். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தை நினைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கின் ஓட்டை தெரியும். இருநூறு பேர் உட்காரும் கூடத்தில் எண்ணூறு பேர் சாப்பிட முடியும். நாலு பந்தி போட்டால் ஆயிற்று. எண்ணூறு பேரும் முதல் பந்தியிலேயே உட்காரவேண்டும் என்று வாசலை மறித்தால் உள்ளே இருப்பவர் வெளியே வரவும் வழி இருக்காது. அதற்காக எண்ணூறு பேருக்குக் கூடம் கட்டினால் அந்த முக்கால் மணி நேரம் போக மீதிப் பொழுதெல்லாம் அது வெறிச்சோடிக் கிடக்கும். சிட்னியும் மெல்பர்னும் கடந்த முப்பது ஆண்டுகளாகக் கூடத்தைப் பெரிதாக்கிக்கொண்டே வந்திருக்கின்றன. பந்தியைப் பிரிக்கும் வேலையை அரைகுறையாகவே செய்திருக்கின்றன. அதை முழுமையாகச் செய்வதற்கான கருவிகள் இரண்டு நகரங்களின் கையிலும் ஏற்கெனவே இருக்கின்றன என்பதே என் வாதம்.

முதலில் சாலை எப்படி அடைபடுகிறது என்று பார்க்கவேண்டும். நல்ல ஃப்ரீவேயின் ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் இரண்டாயிரம் வண்டிகள் போகமுடியும். அந்த எல்லையை நெருங்கும்வரை ஓட்டுபவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. எல்லையைத் தொட்டதும் யாரோ ஒருவர் பிரேக்கை லேசாக மிதிக்கிறார். பின்னால் வருபவர் கொஞ்சம் அழுத்தி மிதிக்கிறார். இருபதாவது வண்டி நின்றே விடுகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே சீராக ஓட்டச் சொல்லி 2008-ல் இதை நிரூபித்துக் காட்டினார்கள். விபத்து இல்லை, சிக்னல் இல்லை, குறுகலும் இல்லை. ஆனாலும் சிறிது நேரத்தில் நெரிசல் தானாகவே முளைத்து, அலையைப்போலப் பின்னோக்கி நகர்ந்தது. இதைவிட முக்கியமானது அடுத்து நடப்பது. ஓட்டம் ஒருமுறை உடைந்துவிட்டால், சாலை கடத்தும் வண்டிகளின் எண்ணிக்கை முன்பிருந்ததைவிடக் குறைந்துவிடுகிறது. புனலில் அரிசியை மெல்லக் கொட்டினால் தடையின்றி இறங்கும். ஒரே வீச்சில் கவிழ்த்தால் கழுத்தில் சிக்கிக்கொள்ளும். மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில்தான் சாலை மிகக் குறைவாக உழைக்கிறது. இதிலேயே நம்பிக்கையும் இருக்கிறது. எல்லையைத் தாண்டும் அந்தக் கடைசிச் சில வண்டிகளை விலக்கினால், விலகிய அளவைவிடப் பல மடங்கு பலன் கிடைக்கும். பள்ளி விடுமுறை நாட்களில் சிட்னிக்காரரும் மெல்பர்ன்காரரும் வியப்போடு கவனிப்பது இதைத்தான். ஊரே காலியாகிவிடுவதில்லை, ஒரு சிறு பங்கு வண்டிகள் மட்டும் எட்டரை மணிக்கு வெளியே வராமல் இருக்கின்றன. சாலையோ வேறு சாலையாகிவிடுகிறது.

எங்கே, எப்போது அடைபடுகிறது என்பதை அறிவதில் ஆஸ்திரேலியா உலகுக்கே முன்னோடி. நியூ சவுத் வேல்ஸ் அரசின் நெடுஞ்சாலைத் துறை 1970-களில் சிட்னிக்காக உருவாக்கிய ஸ்காட்ஸ் என்னும் சிக்னல் கட்டுப்பாட்டு முறை இன்று பல நாடுகளில் இயங்குகிறது. மெல்பர்னின் சிக்னல்களும் அதில்தான் ஓடுகின்றன. நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் தாருக்கடியில் கம்பிச்சுருள் புதைத்திருப்பார்கள். மேலே வண்டி வந்தால் அது உணர்ந்துகொள்ளும். பச்சை எரியும்போது வண்டிக்கும் வண்டிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விழுகிறது என்று அளந்து, வீணாகும் பச்சை நொடிகளை அடுத்த சுற்றில் மற்றப் பக்கத்துக்குக் கொடுத்துவிடும். அப்படிச் சேரும் எண்ணிக்கைகளை விக்டோரியா அரசு சந்திப்பு வாரியாக, கால்மணி நேர இடைவெளியில் பொதுமக்களுக்குத் திறந்தே வைத்திருக்கிறது. கிராட்டன் ஆய்வு நிறுவனம் 2017-ல் வேறொரு வழியில் போனது. இரு நகரங்களிலும் 350-க்கும் மேற்பட்ட வழித்தடங்களுக்குக் கூகுள் வரைபடம் காட்டும் பயண நேரத்தை நாளெல்லாம், மாதக்கணக்கில் திரட்டியது. அதில் தெரிந்த உருவம் பலரும் எதிர்பார்த்தது அல்ல. பெரும்பாலான பயணங்களில், பெரும்பாலான நேரங்களில் தாமதம் பொறுக்கத்தக்க அளவுதான். துன்பம் முழுவதும் சில வழிகளில், சில மணி நேரங்களில் குவிந்திருந்தது. சிட்னியிலும் மெல்பர்னிலும் நகர மையத்தை நோக்கிய காலைப் பயணங்களே மோசம். மெல்பர்னில் வடகிழக்கிலிருந்து ஈஸ்டர்ன் ஃப்ரீவே, ஹாடில் தெரு வழியாக வருபவர்களின் பாடு மிகவும் மோசம்.

இந்த உருவத்துக்குப் பின்னால் ஊரின் நில அமைப்பு இருக்கிறது. சிட்னியில் கடல் கிழக்கே. பெரும் சம்பள வேலைகளும் கிழக்கே. தமிழர்கள் நிறைந்த வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில், இன்னும் தள்ளி மார்ஸ்டன் பார்க் என்று கட்டுப்படியாகும் வீடுகள் மேற்கே. அதனால் மேற்கு சிட்னிவாசி காலையில் எழும் சூரியனைப் பார்த்தபடி ஓட்டுகிறார், மாலையில் விழும் சூரியனைப் பார்த்தபடி திரும்புகிறார். இருமுறையும் கண் கூசுகிறது. இருமுறையும் எதிர்த்தடம் ஒப்பீட்டளவில் காலியாக ஓடுகிறது. ஹில்டா என்னும் தேசியக் குடும்பக் கணக்கெடுப்பின்படி 2017-ல் சிட்னியில் வேலைக்குப் போய்வர ஒருவர் சராசரியாக நாளொன்றுக்கு 71 நிமிடம் செலவிட்டார், மெல்பர்னில் 65. கூட்டாட்சி அரசின் போக்குவரத்து ஆய்வுப் பிரிவு, தலைநகரங்களில் நெரிசலால் 2015-ல் ஏற்பட்ட தவிர்த்திருக்கக்கூடிய இழப்பை 1,650 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. அதில் சிட்னியின் பங்கு 610 கோடி, மெல்பர்னின் பங்கு 460 கோடி. ‘தவிர்த்திருக்கக்கூடிய’ என்ற சொல்லை நான் மிகவும் மதிக்கிறேன். பின்னிரவு இரண்டு மணியின் வெற்றுச் சாலையோடு ஒப்பிட்டு இழப்பைக் கணக்கிட்டால் எந்த நகரமும் தேறாது. ஐம்பது லட்சம் பேர் வாழும் ஊரில் கொஞ்சம் நெரிசல் இருப்பது அது உயிரோடு இருப்பதற்கு அடையாளம். அதற்கு மேல் போவதுதான் வீண்.

சரி, அகலப்படுத்தினால் என்ன? அமெரிக்க நகரங்களின் தரவுகளைப் பல ஆண்டுகளுக்கு அலசிய பொருளியலாளர்கள் ஜில் டுரான்டனும் மாத்யூ டர்னரும் 2011-ல் ஒன்றைக் காட்டினார்கள்: நகருக்குள் நெடுஞ்சாலை எவ்வளவு கூடுகிறதோ, ஏறத்தாழ அதே விகிதத்தில் வண்டிகள் ஓடும் தூரமும் கூடிவிடுகிறது. இதில் மர்மம் எதுவும் இல்லை. நெரிசலுக்குப் பயந்து ரயிலில் போனவர் காருக்கு வருகிறார். ஏழு மணிக்கே கிளம்பியவர் எட்டுக்குக் கிளம்புகிறார். இன்னொருவர் இன்னும் தொலைவில் வீடு வாங்குகிறார். புதிய தடம் பழைய எட்டு மணியை நோக்கி எல்லோரையும் திரும்ப அழைத்துக்கொள்கிறது. இதன் மறுபக்கத்தைச் சிட்னியே கண்டது. 2015 அக்டோபரில் இலகு ரயில் பாதை போடுவதற்காக ஜார்ஜ் தெருவின் பகுதிகளைக் கார்களுக்கு அடைத்தபோது நகர மையமே முடங்கிவிடும் என்று எச்சரிக்கைகள் பறந்தன. முடங்கவில்லை. வண்டிகள் வேறு வழிக்கும், வேறு நேரத்துக்கும், ரயிலுக்கும் பிரிந்துபோயின. ஒரே நகரத்தில் எட்டு ஆண்டு இடைவெளியில் ஒரு தெரு மூடப்பட்டும் பெருங்குழப்பம் வரவில்லை. பெரும்பணத்தில் ஒரு சந்திப்பு திறக்கப்பட்டதும் வந்துவிட்டது. போக்குவரத்தைத் தண்ணீர்போலக் கருதி, குழாயின் அகலத்தை மட்டும் அளப்பவர்கள் இந்த இரண்டு நிகழ்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். தண்ணீருக்கு யோசிக்கத் தெரியாது. ஓட்டுநருக்குத் தெரியும்.

இதை வைத்துச் சாலையே போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மார்ஸ்டன் பார்க்கிலும் மெல்பர்னின் டார்னீட்டிலும் ஆயிரக்கணக்கில் வீடுகளை விற்றுவிட்டுப் பழைய கிராமத்துச் சாலையை அப்படியே விட்டுவைப்பது அநியாயம். அங்கே சாலையும் வேண்டும், பேருந்தும் வேண்டும், ரயிலும் வேண்டும். வீடு கட்டும் முன்பே வேண்டும். புதிய சாலையால் கூடுதலாகச் சிலர் பயணம் செய்தால் அதுவும் நன்மைதான். அது நெரிசலைத் தீர்க்கும் என்ற வாக்குறுதி மட்டுமே பொய். 2019-ல் டலவாங்குக்கும் சாட்ஸ்வுட்டுக்கும் இடையே தொடங்கி 2024 ஆகஸ்டில் நகர மையத்தின் அடியாகச் சிடன்ஹாம்வரை நீண்ட மெட்ரோ ரயில் செய்வது வேறு. அது எட்டு மணிக்குப் போகவேண்டியவருக்கு, சாலையில் இடம் பிடிக்காமல் போக ஒரு வழியைத் தருகிறது. டிராம்களை 1961-ல் அடியோடு நிறுத்திவிட்ட சிட்னியோடு ஒப்பிட, அவற்றைக் காப்பாற்றி இன்று உலகின் மிகப் பெரிய டிராம் வலைப்பின்னலை வைத்திருக்கும் மெல்பர்னுக்கு இந்த உண்மை முன்பே தெரிந்திருந்தது. நகர மையத்தில் வலப்பக்கம் திரும்பவேண்டிய கார் டிராமை மறிக்காமல் இடதோரம் ஒதுங்கி நின்று, பிறகு திரும்பவேண்டும் என்ற அந்த ஊரின் விசித்திர விதிக்கும் பொருள் அதுதான்: முப்பது நாற்பது பேரைச் சுமப்பதற்கு ஒருவரைச் சுமப்பது வழிவிடவேண்டும்.

ஓட்டுநர் யோசிப்பவர் என்பதற்கு மிக விலையுயர்ந்த சான்று சுங்கச் சாலைகளில் இருக்கிறது. சிட்னியின் கிராஸ் சிட்டி சுரங்கம் 2005-ல் திறக்கப்பட்டபோது நாளொன்றுக்குத் தொண்ணூறாயிரம் வண்டிகள் வரும் என்று கணித்திருந்தார்கள். வந்தது ஏறத்தாழ அதில் மூன்றில் ஒரு பங்கு. கட்டணத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தும் 2006 முடிவதற்குள் நிறுவனம் திவாலாகிக் கடன்கொடுத்தவர்கள் கைக்குப் போனது. லேன் கோவ் சுரங்கத்துக்கும் பிரிஸ்பேனின் கிளெம் 7 சுரங்கத்துக்கும் அதே கதி. நேரம் மிச்சமாகிறது என்றால் மக்கள் எந்த விலையும் கொடுப்பார்கள் என்று கணிதம் சொன்னது. மக்கள் மேலே இருந்த இலவசச் சாலையிலேயே போனார்கள். மேற்கே எம்4 சாலையில் இது எதிர்த்திசையில் நடந்தது. 2010-ல் அங்கே கட்டணம் நீங்கியது. அகலப்படுத்திய பிறகு 2017 ஆகஸ்டில் திரும்ப வந்தது. வந்ததும் ஒரு பகுதி வண்டிகள் பாரமட்டா சாலைக்கு இறங்கிவிட்டன. விலைக்கு மக்கள் அசைகிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் எந்தத் திசையில் அவர்களை அசைக்கிறோம்? நள்ளிரவிலும் காலை எட்டிலும் ஒரே கட்டணம் என்றால், அந்த விலை யாரையும் வேறு நேரத்துக்கு நகர்த்துவதில்லை; வேறு தெருவுக்கு மட்டுமே விரட்டுகிறது. இரவு வேலைக்குப் போகும் மருத்துவமனை ஊழியர் காலிச் சாலைக்கு முழுக் கட்டணம் கொடுக்கிறார், அல்லது அதை மிச்சம்பிடிக்க வீடுகள் நிறைந்த தெருக்கள் வழியே போகிறார். சிட்னியின் தனியார் சுங்கச் சாலைகள் நேரத்தைப் பார்க்காத விலைகளால் ஆனவை.

நேரத்தைப் பார்க்கும் விலை அந்த நகரத்தில் ஓரிடத்தில் இருக்கிறது. 2009 ஜனவரியில் துறைமுகப் பாலத்திலும் அதன் துணைச் சுரங்கத்திலும் கட்டணம் வேளைக்கு வேளை மாறத் தொடங்கியது: வார நாட்களில் நெரிசல் வேளைக்கு 4 டாலர், நடுப்பகலில் 3, இரவில் இரண்டரை. கருத்து சரியானது, செயல் பாதியில் நின்றது. தெற்கே போகும் வண்டிக்கு மட்டுமே கட்டணம். மாலையில் வடக்கே திரும்பும் பெருங்கூட்டத்துக்கு எதுவும் இல்லை. காலை நெரிசல் வேளை முடியும் ஒன்பதரைக்கு முன்னும் பின்னும் இருந்த வித்தியாசம் ஒரே ஒரு டாலர். அந்தத் தொகைகளும் 2023 அக்டோபர்வரை, பதினான்கு ஆண்டுகளுக்கு மேலாக, ஒரு சென்ட்கூட மாறவில்லை. சம்பளமும் வாடகையும் எங்கோ போன காலத்தில் அந்த ஒரு டாலர் யாருடைய அலாரத்தையும் மாற்றியிருக்க முடியாது. மாநிலத்தின் சுங்கச் சாலைகளை ஆராய்ந்த ஆலன் ஃபெல்ஸ், டேவிட் கசின்ஸ் குழு 2024-ல் பாலத்தில் இருபுறமும் கட்டணம் வேண்டும் என்றும், சாலைக்கு ஒரு விதியாக இல்லாமல் வலைப்பின்னல் முழுவதற்கும் ஒரே ஒழுங்கில் கட்டணம் அமையவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. நான் அதோடு கடிகாரத்தையும் சேர்க்கச் சொல்கிறேன். காமிராக் கம்பங்கள் நிற்கின்றன. சுங்கச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் மின்னணு அட்டை ஒட்டியிருக்கிறது. எட்டு மணிக்குக் கூடுதலாகவும் பத்துக்கும் இரவுக்கும் இப்போதையதைவிடக் கணிசமாகக் குறைவாகவும் வாங்கினால், மொத்தமாக மக்களிடமிருந்து ஒரு டாலர்கூட அதிகம் எடுக்காமல் பந்தியைப் பிரித்துவிடலாம்.

இது எங்காவது நடந்திருக்கிறதா? சிங்கப்பூரில் 1975 முதல் நடக்கிறது. அங்கே வாழும் தமிழர் யாரைக் கேட்டாலும் எந்தக் கட்டண வளைவின்கீழ் எத்தனை மணிக்கு எவ்வளவு என்று சொல்வார். ஸ்டாக்ஹோம் 2006-ல் ஏழு மாதம் சோதித்துப் பார்த்தது. நகர எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தன; வரிசையில் காத்திருக்கும் நேரமோ மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை குறைந்தது. புனல் கணக்கு நிஜ நகரத்தில் பலித்தது. தொடக்கத்தில் எதிர்த்த ஸ்டாக்ஹோம் மக்களே சோதனைக்குப் பின் வாக்கெடுப்பில் அதை ஏற்றார்கள். மெல்பர்னும் இதே தத்துவத்தை விலையில்லாமல் ஒரு சாலையில் செய்து பார்த்திருக்கிறது. மோனாஷ் ஃப்ரீவேயில் ஏறும் வழிகளில் சிக்னல் வைத்து, வண்டிகளை ஒன்றொன்றாக, சில நொடி இடைவெளியில் விடுகிறார்கள். கிரேக்கப் பொறியியலாளர் மார்கோஸ் பாபாகியோர்கியூ குழுவின் கணக்கு முறையை 2008-ல் சோதித்து, பிறகு விரிவாக்கினார்கள். ஏறுவழியில் கொஞ்சம் காத்திருப்பதால் மேலே ஓட்டம் உடையாமல் இருக்கிறது; கடக்கும் வண்டிகளின் மொத்த எண்ணிக்கையே கூடுகிறது.

ஏழைகளைத்தானே இது அடிக்கும் என்பது முதல் ஆட்சேபம், கனமான ஆட்சேபம். அதற்கு முதல் பதில்: இப்போதிருப்பது நியாயமான ஏற்பாடு அல்ல. இருக்கும் சுங்கச் சாலைகளில் அதிகம் செலுத்துவது மேற்கு சிட்னிதான். அதனால்தான் 2024 ஜனவரியிலிருந்து, வாரத்துக்கு 60 டாலருக்கு மேல் போனால் திருப்பித் தருவதாக அரசு அறிவிக்கவேண்டி வந்தது. இரண்டாவது, காலை நெரிசலில் நகர மையத்துக்குக் கார் ஓட்டிப் போகிறவர்கள் சராசரியைவிட அதிகம் சம்பாதிப்பவர்கள் என்று கிராட்டன் நிறுவனத்தின் 2019 அறிக்கை காட்டியது. வண்டி நிறுத்தவே அங்கே கொடுக்கவேண்டிய காசை நினைத்தால் இதில் வியப்பில்லை. அதிகாலை ஷிப்டுக்கும் இரவு ஷிப்டுக்கும் போகிறவர்களுக்கு நேரக் கட்டணம் செலவுக் குறைவையே தரும். ஆனாலும் எட்டு மணிக்கே, ரயில் எட்டாத தொழிற்பேட்டைக்கே போயாகவேண்டிய தொழிலாளி ஒருவர் இருப்பார். அவருக்கு அந்த வார வரம்பும் சலுகையும் தொடரவேண்டும். அதில் நான் பேரம் பேசமாட்டேன்.

வேலை நேரம் என் கையிலா இருக்கிறது என்பது அடுத்தது. பலருக்கு இல்லை, உண்மை. பலரும் நகரவேண்டியதும் இல்லை. ஸ்டாக்ஹோமில் நகர்ந்தது ஐந்தில் ஒருவர். கிடங்குக்குச் சரக்கு ஏற்றிவரும் லாரி, வீட்டிலிருந்தே முதல் இரண்டு மணி நேரத்தை முடித்துவிட்டுக் கிளம்பக்கூடிய அலுவலர், கடைக்குப் போகும் ஓய்வுபெற்றவர் ஆகியோரில் ஒரு பகுதி பத்து மணிக்கு மாறினால், மாற முடியாத நான்கு பேருக்கும் வழி கிடைக்கிறது. மாறுகிறவருக்கு மலிவு, மாறாதவருக்கு நேரம்.

சட்டத் தடை ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மை ஆகாது. மின்கார்கள் ஓடும் கிலோமீட்டருக்கு விக்டோரியா விதித்த கட்டணத்தை உயர் நீதிமன்றம் 2023 அக்டோபர் 18 அன்று செல்லாது என்றது. அத்தகைய வரியை அரசியலமைப்பின்படி கூட்டாட்சி அரசு மட்டுமே போடமுடியும். ஆகவே எல்லாச் சாலைகளுக்கும் கிலோமீட்டர் விலை என்பது கான்பராவின் ஒத்துழைப்பில்லாமல் நடக்காது. அதுவரை, இருக்கும் சுங்கச் சாலைகளில் தொடங்கலாம். அங்கேயும் ஒப்பந்தங்கள் குறுக்கே நிற்கின்றன; சிட்னியின் வெஸ்ட்கனெக்ஸ் சுங்கச் சாலைகளை நடத்தும் உரிமை 2060வரை போகிறது. நிறுவனங்களுக்கு வருமானம் குறையாதபடி நேர விலையை அமைக்கமுடியும் என்பதால் பேச்சுவார்த்தைக்கு இடமிருக்கிறது. அந்த நிறுவனங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் அக்கறையில் பாதியாவது வரிசையில் நிற்பவர்கள்மீது அரசுக்கு இருக்கவேண்டும்.

இதைத் தொடங்க ஏற்ற நாள் ஒன்று நெருங்கி வருகிறது. துறைமுகத்தைக் கடக்கும் மூன்றாவது பெருஞ்சாலையாக, வாரிங்கா ஃப்ரீவேயை இணைக்கும் மேற்குத் துறைமுகச் சுரங்கத்தைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். 2028-ல் திறப்பதாகத் திட்டம். அது தெற்கே வந்து சேரும் இடம் ரோசெல் இன்டர்சேஞ்ச். அதன் கட்டணம் எத்தனை மணிக்கு எவ்வளவு, எந்தத் திசையில், பாலத்தோடும் எம்4 சாலையோடும் அது எப்படிப் பொருந்தும் என்பதையெல்லாம் முதல் வண்டி உள்ளே நுழைவதற்கு முன்பே முடிவுசெய்து, மக்களிடம் சொல்லி, ஒரு மாதமாவது சோதித்துப் பார்க்கவேண்டும்.